ஜே. பி. சந்திரபாபு

ஜே. பி. சந்திரபாபு (1927–1974) தமிழ்த் திரைப்பட நடிகர், பாடகர், நடனக்காரர், இயக்குநர். நகைச்சுவை நடிகர் என்றே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். மேலைநாட்டு ஆட்டத் தாளத்தையும் ‘யோடலிங்’ என்னும் குரல்முறையையும் தமிழ்த் திரைப்பாட்டில் புகுத்தியவரும் அவரே.

தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பனிமய மாதாவின் பெயரையொட்டிப் பனிமயதாஸ் என்று பெயரிட்டார்கள். தந்தை விடுதலைப் போராட்டக்காரர், பத்திரிகையாளர். அந்தப் போராட்டத்தால் குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது; பிள்ளையின் இளமை அங்கே கழிந்தது. 1947இல் ‘தன அமராவதி’யில் சிறு வேடம் கிடைத்தது, பிறகு வாய்ப்பில்லை. 1952இல் ஜெமினி ஸ்டுடியோவில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அன்றைய சட்டப்படி அது குற்றம். நீதிபதி முன் தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையையே சுட்டுக்காட்டி, சூட்டைப் பார்க்கலாம், வேதனையைப் பார்க்க முடியுமா என்ற பொருளில் கேட்டதாகச் சொல்வார்கள். அதே ஆண்டு ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் நடித்தார்.

யோடலிங்கில் நெஞ்சிலிருந்து எழும் கனத்த குரல் சட்டென மெல்லிய கள்ளக்குரலுக்குத் தாவித் திரும்பும். தாவும் இடத்தில் குரல் ‘உடைவது’ காதுக்குத் தெரியும். தெரியவேண்டும் என்பதே அதன் இலக்கணம். நம் கச்சேரி மரபு இதற்கு நேரெதிர். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் கமகத்தால் இழைந்து செல்வதே அங்கே அழகு. குரல் உடைந்தால் பாடகர் தோற்றார் என்று பொருள். அந்த உடைவையே அலங்காரமாக்கிப் பாடினார் சந்திரபாபு. பம்பாயில் கிஷோர் குமார் இதே வித்தையைக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது.

‘புதையல்’ (1957) படத்தின் ‘உனக்காக எல்லாம் உனக்காக’ பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது, இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. பாட்டாளியின் கவிஞர் எழுதிய சொற்களுக்கு மேலைநாட்டு ஆட்டத் தாளம் போட்டபோதும் தமிழ் உச்சரிப்பு பிசகவில்லை. ‘மரகதம்’ (1959) படத்தின் ‘குங்குமப் பூவே’ பாட்டில் ஜமுனா ராணியோடு அவர் குழைந்தும் துள்ளியும் பாடுவதைக் கேட்டால், சிரிப்பு நடிகர் பாடிய பாட்டு என்று ஒதுக்க மனம் வராது. ‘பெண்’ (1954) படத்தில் இன்னொரு வேடிக்கை: வீணை எஸ். பாலசந்தர் வாயசைக்க, ஒலிப்பது சந்திரபாபுவின் குரல். கர்நாடக இசையின் பெரிய கலகக்காரருக்குத் திரையிசையின் கலகக்காரர் குரல் கொடுத்திருக்கிறார்!

‘சபாஷ் மீனா’ (1958) படத்தில் இரட்டை வேடம். அதில் ஒருவர் ரிக்‌ஷாக்காரர். மெட்ராஸ் பாஷை பேசுபவர். மெட்ராஸ் பாஷைக்குத் திரையில் இடம்பிடித்துக் கொடுத்த முக்கியமான வேடங்களில் அது ஒன்று. இந்தியில் ‘தில் தேரா தீவானா’ என்று மறுஆக்கம் ஆனபோது அந்த வேடத்தை மெஹ்மூத் ஏற்றார்.

வாழ்க்கை முறையிலும் அவர் தனி ரகம். கேசவபெருமாள்புரத்தில் கார் மாடிவரை ஏறிச் செல்லும்படி ஒரு வீடு கட்டத் தொடங்கினார். எம்.ஜி.ஆரை வைத்து அவரே எடுக்கத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது. கடனில் வீடும் போயிற்று. படத்தின் பெயர் அவருக்கே பலித்துவிட்டது. ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) அவர் இயக்கி வெளிவந்த படம்.

அவருக்கு நேர் வாரிசு யாருமில்லை. யோடலிங் அவரோடு ஏறக்குறைய நின்றுபோனது. சென்னைத் தெருத் தமிழையும் மேலைநாட்டுத் தாளத்தையும் சேர்த்துக் கட்டும் வழக்கம் மட்டும் வேறு பாதைகளில் வளர்ந்தது. 1990களில் இசையமைப்பாளர் தேவா சென்னைத் தெருப்பாட்டான கானாவைத் திரைக்குக் கொண்டுவந்தார். இயக்குநர் பா. இரஞ்சித் முன்னெடுக்க, இசைக்கலைஞர் தென்மாவுடன் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னையில் கானா, ராக், ராப் மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றியது. அவர்களின் கோபமும் அரசியலும் சந்திரபாபுவிடம் இல்லை; அவருடையது தனிமனித வலி. ஆனாலும் எந்த இசையும் எந்தத் தெருவுக்கும் அந்நியமில்லை என்று முதலில் துணிந்து பாடிக்காட்டியவர்களில் அவர் ஒருவர்.

முகில் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் பெயர் ‘கண்ணீரும் புன்னகையும்’. அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அந்த இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். அவருடைய குரலைப் பற்றி எழுதவேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.