மூப்பு

'மூ' என்ற வினையடியில் பிறந்த பெயர். 'கா' காப்பு ஆனதுபோல 'மூ' மூப்பு ஆயிற்று. மூத்தவர், மூப்பர், மூப்பன் எல்லாம் இதன் சுற்றம். வயதையும் தலைமையையும் ஒரே மூச்சில் சொன்ன சொல்.

அலுவலக வழக்கு அதை இரண்டாகப் பிளந்துவிட்டது. அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் நிரந்தர ஊழியருக்குப் 'பணிமூப்பு' சொத்து. பதவி உயர்வு என்றால் அந்தப் பட்டியலைத்தான் புரட்டுவார்கள். ஒப்பந்தக்காரரிடம் வேலை கேட்டு நிற்பவருக்கோ மூப்பே குறை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் சுவரில் ஒட்டிய 'ஆட்கள் தேவை' தாளில் '18 முதல் 30 வரை' என்றிருக்கும். நாற்பதைத் தாண்டிய வெல்டர் அந்த வரியோடு நகர்ந்துவிடுவார். கை தேர்வதே அந்த வயதில்தான் என்பது வேறு விஷயம்!

அரசு வேலையில் மதம், சாதி, பால் முதலியவற்றைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்கிறது அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு. அந்த வரிசையில் வயது இல்லை.

ஆட்குறைப்பில் மட்டும் பழைய பொருள் பிழைத்திருக்கிறது. கடைசியில் சேர்ந்தவரே முதலில் போகவேண்டும் என்றது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25ஜி பிரிவு. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பும் அதை விடவில்லை. முறை மாற்றி மூத்தவரை நீக்கினால், நிர்வாகம் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டு வாங்குங்கள்.