ஆசிரியரின் பெயரைச் சுமந்த மாணவர்

காயல்பட்டினத்தில் ரயில் ஏறினால் ஆறுமுகநேரி, ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் கடந்து பாளையங்கோட்டைக்கு வந்துவிடலாம். அங்கே 1971இல் தொடங்கிய ஒரு கல்லூரி இருக்கிறது. பெயர் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. தினமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பேருந்துச் சீட்டு வாங்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

சதக்கத்துல்லாஹ் அப்பா 17ஆம் நூற்றாண்டில் காயல்பட்டினத்தில் பிறந்தவர். மார்க்க அறிஞர், அரபு மொழிக் கவிஞர். வள்ளல் சீதக்காதிக்கு ஆசானாகவும் நண்பராகவும் இருந்தவர். கீழக்கரையில் அடக்கமானார். முந்நூறு ஆண்டுகள் கழிந்தும், ‘அப்பா’ என்ற உறவுச் சொல்லோடு அவர் பெயர் மக்கள் வாயில் இருக்கிறது.

ஓர் ஆசிரியரின் பெயர் இத்தனை காலம் நிலைக்க அன்பு மட்டும் போதாது. மாணவர் வரிசை வேண்டும், பள்ளி வேண்டும், ஏடுகளைக் காக்க வீடு வேண்டும், செலவு செய்யக் கை வேண்டும். கடல் வணிகம் செய்த காயலிலும் கீழக்கரையிலும் இவை இருந்தன. தங்கள் ஆசானை அவர்கள் மறக்கவில்லை. அதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

தோழர்களே, நம் கேள்வி இதுதான்: சேரியில் பாடம் சொன்ன ஆசிரியர் இறந்தால் அவருக்கு எது மிஞ்சுகிறது?

1845இல் பிறந்த காத்தவராயன் என்ற சிறுவனுக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்றுக்கொடுத்தவர் வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர். அந்த ஆசிரியருக்குக் கல்லூரி கட்ட அந்த மாணவரிடம் பணம் இல்லை. தன்னிடம் இருந்த ஒன்றைக் கொடுத்தார். தன் பெயரை விட்டுவிட்டு ஆசிரியரின் பெயரை எடுத்துக்கொண்டார். ஆம், நாம் அயோத்திதாசர் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த ஆசிரியரின் பெயரைத்தான் சொல்கிறோம். பெயரிலேயே இழிவைச் சுமத்திய சமூகத்தில், தன் பெயரைத் தானே தேர்ந்தெடுப்பது சிறிய செயல் அல்ல. அதை நன்றிக்கடனாகவும் செய்தார் என்பதுதான் அழகு.

அந்தப் பெயரோடு அவர் செய்தவை நமக்குத் தெரியும். 1891இல் திராவிட மகாஜன சபை. 1898இல் நண்பர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்புப் பயணம், பௌத்தம் ஏற்பு, பிறகு சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம். 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ். அடுத்த ஆண்டிலிருந்து ‘தமிழன்’. ஏழு ஆண்டுகள் வாரந்தோறும் எழுதினார். 1914 மே 5 அன்று மறைந்தார்.

அவர் மறைந்த பிறகு என்ன நடந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. மகன் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். பிறகு அது நின்றது. 1926இல் அதை மீண்டும் எழுப்பியது சென்னையின் படித்த வட்டம் அல்ல, கோலார் தங்கவயல். பூமிக்கு அடியில் இறங்கித் தங்கம் வெட்டிய நம் மக்கள் வாழ்ந்த ஊர் அது. ஜி. அப்பாதுரையார் அங்கிருந்து ‘தமிழ’னை நடத்தினார். சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டது.

அதற்குப் பிறகும் நீண்ட மௌனம். தமிழக வரலாறு எழுதியவர்கள் பண்டிதரைக் கண்டுகொள்ளவில்லை. அந்த மௌனத்தில் பழைய ‘தமிழன்’ இதழ்களைப் பத்திரமாக வைத்துக் காத்தவர் அன்பு பொன்னோவியம். காகிதம் மடிந்து உதிரும் வயதில் இருந்த இதழ்கள் அவை. ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்தார். 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு தொகுதிகளாக வந்தன. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். மறைந்து 85 ஆண்டுகள் கழித்து, நம் தாமிரபரணிக் கரையில் பண்டிதர் மீண்டும் பேசத் தொடங்கினார். 2005இல் அஞ்சல்தலை வந்தது. அரசு நினைவுகூர்வது எப்போதும் கடைசியில்தான்.

பண்டிதரின் பௌத்தத் தோழர் பேராசிரியர் லட்சுமி நரசுவின் கதையும் இப்படித்தான். கல்லூரியில் அறிவியல் கற்பித்தவர். 1907இல் ‘தி எசென்ஸ் ஆஃப் புத்திசம்’ என்ற நூலை எழுதினார். 1934இல் மறைந்தார். 1948இல் அந்த நூலைத் தன் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அண்ணல் அம்பேத்கர். இறந்த ஆசிரியருக்கு அண்ணல் செய்த மரியாதை மாலை அல்ல, மறுபதிப்பு.

ஒருவர் இறந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஃபிளெக்ஸ் அடிக்கிறோம், கண்ணீர் அஞ்சலி போடுகிறோம், ஸ்டேட்டஸ் வைக்கிறோம். மறுநாள் அது போய்விடுகிறது. நம் தெருவில் மாலை நேரத்தில் திண்ணையில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பித் தந்த பக்கத்து வீட்டு அண்ணன், சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நம்மோடு அலைந்த அக்கா: இவர்கள் எந்தப் பாடநூலிலும் வரப்போவதில்லை. நாம் எழுதினால்தான் உண்டு.

எனவே ஒரு வேண்டுகோள். உங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். மறைந்துவிட்டிருந்தால், அவர் வீட்டாரிடம் கேட்டு நோட்டுகளையும் துண்டறிக்கைகளையும் கடிதங்களையும் வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குள் போய்விடுங்கள். அன்பு பொன்னோவியம் அந்த இதழ்களைக் காக்காமல் விட்டிருந்தால் நமக்குப் பண்டிதர் இல்லை.

காத்தவராயன் தன் பெயரையே கொடுத்தார். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு நோட்டும் சில மாலை நேரங்களும்தான்.

ஜெய்பீம்.