சாம்பல் என்னும் பெயரும் சிவந்த அடுக்கும்: குளிர்நிலக் காட்டுமண் ஒன்றின் பெயர் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்: குளிர்நில ஊசியிலைக் காடுகளின் மண்வகையான பாட்சால், உருசிய உழவர் வழக்கிலிருந்து அறிவியலுக்கு வந்த பெயர். பெயர் சாம்பல்நிற அடுக்கைச் சுட்டுகிறது. இன்றைய வகைப்பாடோ அதன்கீழுள்ள சிவந்த அடுக்கையே முதன்மை அடையாளமாகக் கொள்கிறது. இம்முரண் உருவான வரலாற்றையும், தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் அது எழுப்பும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாட்சால், ஸ்போடோசால், முல்லர், டாம், ராகுண்டா, மண் வகைப்பாடு, கலைச்சொல்.

மண்ணின் அமைப்பு

வட ஐரோப்பா, உருசியா, கனடா, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் ஆகிய பகுதிகளின் காடுகளில் முழங்கால் ஆழத்திற்குக் குழி வெட்டினால், பல இடங்களில் ஒரே வரிசையைக் காணலாம். மேலே முற்றிலும் மட்காத ஊசியிலைகளின் கரிய படுகை. அதன்கீழ் வெளிறிய சாம்பல்நிற மணல். அதற்குக் கீழே, துருவேறிய இரும்பை ஒத்த செம்பழுப்பு அடுக்கு. அடியில் கல்லும் மணலும் கலந்த மூலப்பொருள். சாம்பலடுக்குக்கும் செவ்வடுக்குக்கும் இடையிலான எல்லை பெரும்பாலும் கத்தியால் கீறியதுபோலத் தெளிவாக இருக்கும்.

கற்களுக்குக் காரணம் பனியூழி. பரந்த பனிப்பாளங்கள் பாறைகளை உடைத்து இழுத்துவந்து, உருகிப் பின்வாங்கியபோது அவற்றைக் கலவையாக விட்டுச்சென்றன. இந்நிலங்களில் பலவற்றின் வயது பத்தாயிரம் ஆண்டுகளை ஒட்டியதே. அதன்பின்னும் கற்கள் ஓய்ந்திருக்கவில்லை. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரியும்போது அவை சிறிது சிறிதாக மேலெழும்புகின்றன. சென்ற ஆண்டு பொறுக்கியெடுத்த வயலில் இவ்வாண்டும் கற்கள் முளைப்பதை நியூ இங்கிலாந்து உழவர்கள் நன்கறிவர். அங்குள்ள நீண்ட கல்வேலிகள் பெரும்பாலும் அவ்வாறு பொறுக்கிய கற்களால் ஆனவை.

சிவப்புக்குக் காரணம் வேறு. குளிரில் இலைக்குப்பை மெதுவாகவே மட்குகிறது. அதிலிருந்து கரிம அமிலங்கள் கசிகின்றன. ஆவியாவதைவிடப் பெய்வது மிகுதி என்பதால் நீர் தொடர்ந்து கீழிறங்குகிறது. அமிலங்கள் மேலடுக்கிலுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் பற்றிக்கொண்டு இறங்கி, கீழே அமிலத்தன்மை குறையும் இடத்தில் படியவிடுகின்றன. இரும்பை இழந்து படிகக்கல் மணல் மட்டும் எஞ்சிய இடம் சாம்பலாகிறது. இரும்பைப் பெற்ற இடம் சிவக்கிறது. ஆக, இரண்டும் ஒரே செயலின் இருபக்கங்கள். வெப்பநிலத்துச் செம்மண்ணோடு இதனை ஒன்றாக எண்ணலாகாது. நம் செம்மண்ணின் நிறம், நீண்டகால வெப்பச் சிதைவில் பாறையின் இரும்பு அவ்விடத்திலேயே ஆக்சைடாக மாறியதன் விளைவு. குளிர்க்காட்டின் சிவப்போ மேலிருந்து இடம்பெயர்ந்து வந்தது.

பெயரிட்டவர் யார்?

பாட்சால் என்பது உருசிய உழவரின் சொல். ‘சோலா’ என்றால் சாம்பல். ‘பாட்’ என்னும் முன்னொட்டு ‘கீழ்’ எனவும் ‘போன்ற’ எனவும் பொருள்படக்கூடும். எனவே ‘சாம்பலின் கீழுள்ளது’ என்றும் ‘சாம்பல் போன்றது’ என்றும் இருவகையாக விளக்கம் கூறுவர். எவ்வாறாயினும், கலப்பை புரட்டிய சாம்பல்நிற மண்ணே உழவரின் கண்ணில் பட்டது. விளைச்சல் தராத அம்மண்ணுக்கே பெயரும் வந்தது. காட்டை எரித்து விதைத்த மக்கள் இதனை எரிந்த காட்டின் மிச்சமென எண்ணியிருப்பின் வியப்பில்லை. வசீலி டொகுச்சாயெவ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இச்சொல்லை அறிவியலுக்குள் கொணர்ந்தார். அவருக்குப்பின் அது ஓர் அடுக்கின் பெயராக நில்லாமல் முழு மண்வகையின் பெயராக விரிந்தது.

டென்மார்க்கின் ஜட்லாந்துப் புதர்நிலத்தில் கதை வேறு. அங்குள்ளோர் சாம்பலடுக்கை ‘ஈயமணல்’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஆயினும் அவர்களை வருத்தியது அதன்கீழ் இறுகிக் கிடந்த செவ்வடுக்கே. ‘ஆல்’ எனப்பட்ட அதனுள் வேர் இறங்காது. நீரும் எளிதில் வடியாது. 1864ஆம் ஆண்டுப் போரில் தெற்கு நிலப்பகுதிகளை இழந்த டென்மார்க், எஞ்சிய நிலத்தைப் பண்படுத்த முனைந்தது. 1866இல் என்ரிக்கோ டால்காஸ் முன்னின்று நிறுவிய புதர்நிலக் கழகம், ஆழ உழுது ஆலை உடைத்து மரம் நடுவதைப் பெரும்பணியாக மேற்கொண்டது. ஒரு மக்கள் கூட்டம் மண்ணின் எந்த அடுக்குக்குப் பெயர் வைக்கிறது என்பதை, அது தடுக்கி விழும் இடமே முடிவுசெய்கிறது எனத் தோன்றுகிறது.

இவ்வடுக்குகளின் உறவை முதலில் தெளிவாக உணர்த்தியவர்களுள் டேனியக் காட்டியலாளர் பீட்டர் எராஸ்மஸ் முல்லர் முதன்மையானவர். 1879ஆம் ஆண்டிலும் 1884ஆம் ஆண்டிலும் வெளியான காட்டுமண் ஆய்வுகளில், பீச்சுமரக் காடுகளின் மட்கு இருவகைப்படும் என அவர் காட்டினார். மண்புழுக்கள் கிளறிய, பொலபொலப்பான மட்கு ஒன்று. பூஞ்சையிழைகளும் வேர்களும் பின்னிய, கரி போன்ற தடித்த மட்கு மற்றொன்று. இரண்டாவது வகையின் கீழ்தான் ஈயமணலும் ஆலும் தோன்றின. ஆகவே செவ்வடுக்கு பழைய நிலவியல் படிவு அன்று. மேலே வாழும் உயிர்களின் செயலால் இன்றும் உருவாகிக்கொண்டிருப்பது. மண்ணியல் வரலாறுகள் உருசியப் பள்ளியையே முன்னிறுத்துவதால் முல்லருக்குரிய இடம் சற்று மங்கிவிட்டது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ராகுண்டா ஏரி

உருவாகிறது என்றால், எவ்வளவு காலத்தில்? விடை ஒரு விபத்திலிருந்து கிடைத்தது. சுவீடனின் ராகுண்டா ஏரியிலிருந்து இறங்கிய பேரருவி, மரக்கட்டைகளை மிதக்கவிட்டு அனுப்புவதற்குத் தடையாக இருந்தது. அதனைத் தவிர்க்க வணிகர் மக்னஸ் ஹுஸ் ஒரு கால்வாய் வெட்டுவித்தார். 1796ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் இரவு, வெள்ளம் அம்மணல் கரையை அரித்துப் பிளந்தது. சில மணி நேரத்தில் ஏரி முழுவதும் வடிந்தது. அருவி வறண்டு, இன்றும் ‘இறந்த அருவி’ எனவே வழங்குகிறது. அழிவு பெரிது, ஆனால் உயிரிழப்பு நேரவில்லை.

வறண்ட ஏரிப்படுகையில் காடு வளர்ந்தது. அந்த மண்ணின் பிறந்தநாள் ஐயமின்றித் தெரிந்திருந்தது. மண்ணாய்வில் இது மிக அரிய வாய்ப்பு. நூற்றாண்டுக்குப் பின் அங்குக் குழிவெட்டிய ஓலோஃப் டாம், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவிலான வெளிறிய அடுக்கு தோன்றத் தொடங்கியிருப்பதைக் கண்டார். முழுமையாக வளர்ந்த பாட்சால் உருவாக 1,000 முதல் 1,500 ஆண்டுகள் வேண்டும் என 1920இல் மதிப்பிட்டார். சுவீடிய வழக்கில் இரு அடுக்குகளுக்கும் பெயருண்டு என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது: மேலது ‘வெளிறிய மண்’, கீழது ‘துருமண்’.

பெயர் ஒன்று, இலக்கணம் வேறு

கிளிங்கா 1914இல் செர்மன் மொழியில் எழுதிய நூலை கர்டிஸ் மார்பட் 1927இல் ஆங்கிலமாக்கினார். உருசியப் பெயர்கள் அமெரிக்காவில் பரவ அது பெரிதும் உதவியது. பின்னர் கை ஸ்மித் தலைமையில் உருவாகி 1975இல் நூலாக வெளிவந்த அமெரிக்க வகைப்பாடு, பழைய பெயர்களை விலக்கிக் கிரேக்க, இலத்தீன் வேர்களிலிருந்து புதியன புனைந்தது. பாட்சாலுக்கு வந்த பெயர் ஸ்போடோசால். ‘ஸ்போடோஸ்’ என்றால் மரச்சாம்பல். உழவரின் சொல் போயிற்று. அவர் கண்ட சாம்பல் போகவில்லை.

ஆனால் அவ்வகைப்பாட்டின் விதியைப் படித்தால், முதன்மை அடையாளம் செவ்வடுக்கே. ஸ்போடிக் அடுக்கு எனப்படுவது இரும்பும் அலுமினியமும் கரிமப்பொருளோடு சேர்ந்து படிந்த கீழடுக்கு. சாம்பலடுக்கு எல்லா நேர்விலும் கட்டாயமன்று. இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. உழுதால் மெல்லிய சாம்பலடுக்கு பிற அடுக்குகளோடு கலந்து மறைந்துவிடும். ஆழத்திலுள்ள சிவப்பு தங்கும். வெர்மான்ட் மாநிலத்தின் அடையாள மண்ணான டன்பிரிட்ஜ், கற்கள் நிறைந்த காட்டுநில ஸ்போடோசால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டு மேய்ச்சலுக்காகப் பெருமளவு காடழிந்து பின்னர் மீண்ட அம்மாநிலத்தில், மேலடுக்கை மட்டும் பார்த்து ஒரு மண்ணின் வகையை முடிவுசெய்தால் பிழை நேரும்.

தமிழில் இம்மண்ணைச் ‘சாம்பல்மண்’ எனப் பெயர்க்கத் தோன்றுவது இயல்பு. அவ்வாறு செய்தால், விதியால் கட்டாயமல்லாத அடுக்கைப் பெயராக்கி, அடையாளமான அடுக்கை மறைத்தவராவோம். ‘சிவந்த காட்டுமண்’ என்றாலோ மாணவர் நம் செம்மண்ணோடு குழம்புவர். முழு மண்வகைக்குப் பாட்சால் என்னும் சொல்லை அப்படியே ஏற்று, உள்ளடுக்குகளை மட்டும் ‘சாம்பலடுக்கு’, ‘துருவடுக்கு’ எனத் தமிழில் சுட்டலாம். இரண்டாவது சொல்லுக்குச் சுவீடிய வழக்கு முன்மாதிரியாக உள்ளது.