கரும்பலகையைப் பார்த்துப் பேசிய பகிடிக்காரர்கள்

ஊமைப்படத்துக்கு நாட்டெல்லை இருக்கவில்லை. வழுக்கி விழுபவனைக் கண்டு சிரிக்க எவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை மட்டும் அந்தந்த நாட்டு மொழியில் மாற்றிச் செருகினால் போதும். கலிபோர்னியாவில் எடுத்த இருபது நிமிடப் படம் மட்ரிட்டிலும் பெர்லினிலும் ஒரே விதமாக ஓடும். 1927 ஒக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்து திரை பேசத் தொடங்கியதோடு இந்த வசதி ஆட்டங்கண்டது.

இக்காலத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சார்லி சப்ளினைப் பற்றியே எழுதுவர். 1931இல் 'சிட்டி லைட்ஸ்', 1936இல் 'மொடர்ன் டைம்ஸ்' என்று வசனத்தைத் தள்ளிவைத்துக்கொண்டே வந்த அவர், 1940இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்திலேயே முழுமையாக வாய் திறந்தார். சொந்த ஸ்டூடியோ வைத்திருந்தவர்; அவரால் காத்திருக்க முடிந்தது. தவணை தவறாமல் குறும்படம் எடுத்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கிய மற்றப் பகிடிக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

கல்வர் சிட்டி என்ற இடத்தில் ஹல் ரோச் ஒரு ஸ்டூடியோ நடத்தினார். சிரிப்புக் குறும்படங்களே அதன் தொழில். அங்கு 1927 முதல் இணைந்து நடித்தவர்கள் ஸ்டான் லோரலும் ஒலிவர் ஹார்டியும். ஒல்லியான லோரல் 1890இல் இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் நகரில் பிறந்து, மேடைக் குழுவொன்றோடு சப்ளின் சென்ற அதே பயணத்தில் 1910இல் அமெரிக்கா சேர்ந்தவர். பருமனான ஹார்டி 1892இல் ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்த தென்னாட்டு அமெரிக்கர். இருவர் பேசும் ஆங்கிலமும் வேறு வேறு. ஆயினும் இரண்டு குரலும் அவரவர் உருவத்துக்குப் பொருந்திப் போயின.

அவர்களது முதலாவது பேசும் குறும்படமான 'அன்அக்கஸ்டம்ட் அஸ் வீ ஆர்' 1929 மே மாதம் வெளியானது. நண்பனை விருந்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்து மனைவியிடம் வாங்கிக்கட்டும் ஒருவனின் கதை. இதன் முடிவு கவனிக்கத்தக்கது. லோரல் படிக்கட்டில் உருண்டு விழுகிறார். ஆனால் விழுவது திரையில் தெரிவதில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. விழுவதையே காட்டிப் பிழைத்த ஒரு தொழிலில் அதைக் காட்டாமலும் சிரிக்க வைக்கலாம் என்று முதற்படத்திலேயே கண்டுகொண்டனர்.

ஆங்கிலம் தெரிந்த நாடுகளுக்கு இது சரி. மற்ற நாடுகளை என்ன செய்வது? ஒருவர் நடிப்புக்கு இன்னொருவர் குரலை இசைவாக ஒட்டும் நுட்பம் அந்நாளில் முதிரவில்லை. ஆகவே ஹல் ரோச் செலவு மிகுந்த வழியொன்றைத் தேர்ந்தார். ஆங்கிலத்தில் ஒரு காட்சியை எடுத்து முடித்ததும், அதே அரங்கில் அதே காட்சி ஸ்பானிய மொழியில் எடுக்கப்பட்டது. சில படங்களுக்குப் பிரெஞ்சிலும், ஜேர்மனிலும், இத்தாலிய மொழியிலும் மீண்டும் எடுக்கப்பட்டது. துணை வேடங்களில் அந்தந்த மொழி பேசுவோர் வந்தனர். நாயகர் இருவரையும் மாற்ற முடியாது. அவர்களுக்கோ அம்மொழிகளில் ஒன்றும் தெரியாது.

எனவே மொழி கற்பிப்போர் அமர்த்தப்பட்டனர். வசனங்களை ஆங்கில எழுத்தில், ஒலிக்கிறபடியே கரும்பலகையில் எழுதி, கெமராவின் பார்வை படாத இடத்தில் வைத்தார்கள். நடிகர்கள் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துப் பேசினார்கள். ஆங்கிலப் புத்தகத்தில் சொல்லின் தலைக்கு மேல் பென்சிலால் தமிழெழுத்தில் உச்சரிப்பைக் குறித்துவைக்கும் பிள்ளைகளை நான் வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறேன். ஹொலிவூட்டின் பெரிய நடிகர்களும் அந்தப் பிள்ளைகள் செய்ததையே செய்தார்கள். 'நைட் அவுல்ஸ்' ஸ்பானிய மொழியில் 'லட்ரோனெஸ்' ஆயிற்று. 'புளொட்டோ' 'லா விடா நொக்தூர்னா' ஆயிற்று. அதே ஸ்டூடியோவின் சார்லி சேஸும், 'அவர் கேங்' சிறுவர்களும்கூட இவ்வாறே ஸ்பானிய மொழி பேசினர்.

இப்படங்களில் ஒன்று 1931இல் வந்த 'பொலிடிகேரியாஸ்'. 'சிக்கன்ஸ் கம் ஹோம்' என்ற அரைமணி நேரப் படத்தின் ஸ்பானிய வடிவம் இது. ஸ்பானிய மொழி நாடுகளில் முழுநீளப் படமாக ஓட்டுவதற்காக இடையில் மேடை வித்தைகளைச் சேர்த்து நீட்டியிருந்தார்கள். அவ்வாறு வந்தவர்களில் ஒருவர் எகிப்தில் பிறந்த ஹாஜி அலி. தண்ணீரையும் மண்ணெண்ணெயையும் குடித்துவிட்டு, மண்ணெண்ணெயை உமிழ்ந்து தீயை வளர்த்து, பின் தண்ணீரை உமிழ்ந்து அதை அணைப்பது அவரது வித்தை. மேடை மேடையாக அலைந்து 1937இல் இங்கிலாந்தில் காலமான அந்தக் கலைஞரை இன்று நாம் காண முடிவதற்கு, மொழிச் சிக்கலால் நீண்டுபோன இந்தப் படமும் ஒரு காரணம்.

இம்முயற்சி நீடிக்கவில்லை. குரல் மாற்றும் நுட்பமும், திரையின் அடியில் எழுத்து ஓட்டும் வழக்கமும் கைக்கு வந்ததும், ஒரே படத்தைப் பல தடவை எடுப்பது வீண்செலவாயிற்று. 1931க்குப் பின் கரும்பலகைகள் ஓரங்கட்டப்பட்டன.

இதற்குள் அவர்கள் ஒலியை ஆளக் கற்றிருந்தனர். புதிய படத்தை முன்கூட்டியே பார்வையாளருக்குக் காட்டி, சிரிப்பு எங்கே எழுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று லோரல் கவனிப்பார். அடுத்த வசனம் சிரிப்பில் அமிழ்ந்துவிடாதபடி அங்கே இடைவெளி விட்டுப் படத்தைத் தொகுப்பார். 1932இல் வந்த 'தி மியூசிக் பொக்ஸ்' இந்தப் பக்குவத்தின் உச்சம். பெட்டியில் அடைத்த பியானோ ஒன்றை நெடும் படிக்கட்டில் ஏற்றுகிறார்கள். அது திரும்பத் திரும்ப உருண்டு இறங்குகிறது. அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள்ளிருந்து நரம்புகள் அதிர்ந்து முனகுகின்றன. அந்த முனகலை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சிரிப்புக் குறும்படத்துக்கென அமெரிக்கத் திரைப்படக் கழகம் வழங்கிய முதலாவது ஒஸ்கார் விருது அவ்வாண்டு இதற்கே கிடைத்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சில்வர் லேக் பகுதியில் அந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது.

பொருளாதார மந்தத்தில் தவித்த தியேட்டர்காரர்கள் ஒரே சீட்டுக்கு இரண்டு முழுநீளப் படங்கள் காட்டத் தொடங்கியதும் குறும்படத்துக்கு இடமில்லாது போயிற்று. லோரலும் ஹார்டியும் நாயகர்களாக நடித்த குறும்படங்கள் 1935உடன் நின்றன. கொலம்பியா நிறுவனத்தில் 'த்ரீ ஸ்டூஜஸ்' மூவர் 1934 முதல் 1959 வரை வெளிவந்த 190 குறும்படங்களில் அடியும் உதையுமாக இம்மரபைக் காத்தனர். பின்னர் தொலைக்காட்சி இப்படங்களை வீடுவீடாகக் கொண்டு சென்றபோது, நடித்தவர்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. உரிமை அவர்களிடம் இருக்கவில்லை. ஹார்டி 1957இல் காலமானார். 1965இல் காலமாகும்வரை சன்ட்டா மொனிக்காவில் சிறியதொரு வாடகை வீட்டில் வாழ்ந்த லோரல், தாம் கணக்குப் பார்த்துத் தொகுத்த படங்களை விளம்பரத்துக்காகத் தாறுமாறாக வெட்டி ஒளிபரப்புவதைக் கண்டு மனம் நொந்தார். பணத்தைவிட இடைவெளிகள் போனதே அவருக்குப் பெரிய இழப்பு.

ஒரு நாடு மட்டும் கரும்பலகையை மறக்கவில்லை. இருவரும் தட்டுத்தடுமாறிப் பேசிய இத்தாலிய மொழியில் அந்நாட்டு ரசிகர்கள் சொக்கிப்போயிருந்தனர். பின்னர் இத்தாலியர்களே குரல் கொடுக்க வந்தபோதும் அந்தத் தடுமாற்றத்தை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் பெரும் நடிகராக விளங்கிய அல்பேர்ட்டோ சோர்டி இளவயதில் ஹார்டிக்குக் குரல் கொடுத்தவர். தாய்மொழியை அந்நியன்போல் அழுத்தம் மாற்றிப் பேசியே அவர் பேரெடுத்தார். பிறமொழி பேச முயல்பவனின் உச்சரிப்பை நையாண்டி செய்து அவன் வாயை அடைப்பவர்கள் எங்கும் உண்டு. இத்தாலியரும் சிரித்தார்கள்தான். ஆனால் தங்கள் மொழியைப் பேசிப் பார்த்த அந்த இருவருக்கும் ஸ்டான்லியோ, ஒல்லியோ என்று தம் மொழியிலேயே பெயர் சூட்டி, வீட்டுப்பிள்ளைகளாக வைத்துக்கொண்டார்கள்.