தொடாக் காஞ்சி: புண் காத்த பெண்டிரும் ஒரு துறையின் திரிபும்

சங்க காலப் போரும் பெண்டிரும் என்ற பொருளில் எழுதுவோர் பெரும்பாலும் மறக்குடித் தாயரிடமே நின்றுவிடுகின்றனர். ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பும் தாயும் (புறநானூறு 279), மகன் புறமுதுகிட்டான் என்ற பழிச்சொல் கேட்டுக் களத்தில் கிடக்கும் உடல்களைப் புரட்டிப் பார்க்கும் தாயும் (278) பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டனர். ஆனால் களத்திலிருந்து புண்ணோடு வீடு திரும்பியவனைக் காத்த பெண்டிரின் பணி, புறத்திணை இலக்கணத்தில் தனித்துறையாகவே வகுக்கப்பட்டிருந்தும், ஆய்வில் உரிய இடம் பெறவில்லை. அத்துறையின் பெயர் தொடாக் காஞ்சி. புண்பட்டுக் கிடப்பவனைப் பேய் தொடாதபடி காத்தல் என்பது அதன் பொருள்.

இப்பணி மறைந்துபோனதற்கு ஜார்ஜ் எல். ஹார்ட் 1975-இல் தம் ஆங்கில நூலில் முன்வைத்த அணங்குக் கொள்கை பெருங்காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. பழந்தமிழர் பெண்ணிடம், குறிப்பாக அவளது கற்பில், அணங்கு என்னும் புனித ஆற்றல் உறைவதாகக் கருதினர் என்றும், அடங்கியிருக்கும்வரை அது கணவனைப் போரிலும் காக்கும் என்றும், கட்டு மீறினால் அழிவைத் தரும் என்றும் அவர் வாதிட்டார். கைம்பெண் நோன்பு, கண்ணகி கதை, மனைவியின் கற்பைக் கணவனின் வெற்றியோடு சேர்த்துப் பேசும் மரபு ஆகியவற்றை ஒரே நூலில் கோத்துக் காட்டிய அக்கொள்கையின் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. 1986-இல் வி.எஸ். ராஜம், அணங்கு என்ற சொல் பழம்பாட்டுகளில் பெண்ணுக்கே உரிய ஆற்றலைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கவில்லை என்பதைச் சொல்லாட்சிகளைத் திரட்டி நிறுவினார். அம்மறுப்பு சொல்லின் அளவில் நின்றது. செயலின் அளவில் எழும் மறுப்பு இன்னும் வலுவானது. அதற்குரிய சான்று அரிசில் கிழார் பாடிய புறநானூறு 281-ஆம் பாட்டில் உள்ளது.

அப்பாட்டில் ஒரு பெண் தன் தோழியை அழைக்கிறாள். இரவமரத் தழையையும் வேப்பந்தழையையும் வீட்டில் செருக வேண்டும். யாழும் பிற இயங்களும் ஒலிக்க வேண்டும். கையை மெல்ல நகர்த்தி மையிழுது பூச வேண்டும். ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகைத் தூவ வேண்டும். ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, வீடு முழுவதும் நறும்புகை எழுப்ப வேண்டும். மன்னனுக்கு வந்த இடரைத் தான் தாங்கிக்கொண்டவனின் புண்ணை இவ்வாறெல்லாம் காப்போம் வா என்பதே பாட்டின் முழுச் செய்தி. இதில் அணங்கு என்ற சொல் இல்லை, கற்பைப் பற்றிய பேச்சு இல்லை, பேய்கூட இல்லை. இருப்பவை பொருள்களும் அவற்றைக் கொண்டு செய்ய வேண்டிய வேலைகளும்தாம்.

பாட்டின் வினைமுற்று இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது. காக்கம் என்பது அம் ஈற்றுத் தன்மைப் பன்மை. நன்னூலார் வகுத்தபடி அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னிலையில் நிற்பவரையும் உளப்படுத்துவன. ஆகவே காப்பவள் தனி ஒருத்தி அல்லள். தோழியும் அச்செயலில் வினைமுதலாகச் சேர்க்கப்படுகிறாள். மனைவியின் கற்பில் உறையும் ஆற்றலே புண்பட்டோனைக் காக்குமாயின், அவனோடு மணவுறவு இல்லாத தோழியின் கைகள் எதற்கு என்ற வினாவுக்கு ஹார்ட்டின் கொள்கையில் விடை இல்லை. பேசுபவள் மனைவிதானா என்பதைக்கூடப் பாட்டு வெளிப்படையாகச் சொல்லவில்லை. அவள் யாராயினும் காவல் இருவர்க்கும் பொதுவானது என்பதில் ஐயமில்லை.

புறநானூறு 296 இப்பணியை ஒரு வீட்டிலிருந்து தெரு முழுமைக்கும் விரிக்கிறது. வேப்பங்கிளை ஒடிப்பதும் காஞ்சி பாடுவதும் நெய் படிந்த கையோடு ஐயவியைப் புகைப்பதுமாக எல்லா வீடுகளும் ஆரவாரிக்க, ஒருவனது தேர் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. நெய்க்கையர் பெண்டிரே என்று பாட்டு வரையறுத்துக் கூறவில்லை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆயினும் 281-ஐ அருகில் வைத்துப் பார்க்கும்போது, வீட்டுக்குள் நிகழும் இவ்வேலையில் முதன்மையாக ஈடுபட்டோர் பெண்டிரே என்று கொள்வது மிகையாகாது. 291-ஆம் பாட்டிலோ காவல் வெட்டவெளியில் நிகழ்கிறது. துடி கொட்டுவோரையும் பாடுவோரையும் பறவைகளை ஓட்டுமாறு ஏவும் பெண், தான் விளரிப் பண் பாடி நரியைக் கடிவதாகச் சொல்கிறாள். நரியைக் கடிதற்கு அப்பாட்டு ஆளும் அதே வினையடியைத்தான் தொல்காப்பியம் பேயைக் கடிதற்கும் ஆள்கிறது. பண், புகை, ஒலி ஆகியவற்றால் விரட்டப்பட்டவை நரியிலிருந்து பேய் வரை ஒரே வரிசையில் நின்றன என்றே தோன்றுகிறது.

இப்பொருள்களின் தேர்வு தற்செயலானதன்று. வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையின் சூத்திரத்தானம் 19-ஆம் அத்தியாயம், புண்பட்டோன் படுத்திருக்கும் அறையில் கடுகு, வேப்பிலை, நெய், உப்பு ஆகியவற்றைக் கொண்டு நாளுக்கு இரு முறை, பத்து நாள் புகையிட வேண்டும் என விதிக்கிறது. காரணமாக அதுவும் குருதியை நாடி வரும் அரக்கர்களையே சொல்கிறது. உப்பு நீங்கலாக மற்ற மூன்றும் புறநானூறு 296-இல் அப்படியே உள்ளன. ஆனால் அதே வடமொழி அத்தியாயம், புண்பட்டோன் பெண்டிரைக் காண்பதும் அவரோடு பேசுவதும் அவரைத் தொடுவதும் புண்ணுக்குக் கேடு என்று விலக்கி, நண்பர்களை உடனிருத்துகிறது. பொருள் ஒன்று, செய்யும் கை வேறு. மருத்துவ நூல் வாயிலுக்கு வெளியே நிறுத்திய பெண்ணைத் தமிழ்ப் பாட்டு புண்ணருகே அமர்த்துகிறது. சம்ஹிதையின் பல அடுக்குகளுக்கும் காலம் உறுதிப்படாத நிலையில், யாரிடமிருந்து யார் பெற்றனர் என்பது முடிவு செய்யத்தக்க செய்தியன்று. இரண்டும் பொதுவான ஒரு நாட்டு வழக்கிலிருந்து கிளைத்திருக்கவும் கூடும். எவ்வாறாயினும், கற்ற மருத்துவர் விதித்த முறையும் இப்பெண்டிர் செய்த பணியும் ஒன்றே என்னும்போது, இதனைப் பெண்மையின் மாய ஆற்றல் என்று பெயரிட்டு ஒதுக்குவது அவர்களுடைய அறிவையே மறுப்பதாகும். இதைச் சடங்கு என்றோ மருத்துவம் என்றோ இரண்டாகப் பிரிப்பது இக்காலத்தாரின் பழக்கம். மணியும் மருந்துப் புகையும் அவர்களுக்கு ஒரே காவலின் உறுப்புகள்.

இலக்கண நூல்களுக்குள் வந்ததும் காட்சி மாறுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணையின் கூறுகளை அடுக்கும்போது, காக்கும் சுற்றம் இல்லாதவனைப் பேயே ஓம்பும் நிலையை ஒரு துறையாகவும், மனைவி பேயை அண்டவிடாது கடிவதைத் தொடாக் காஞ்சியாகவும் வைக்கிறது. புண்பட்டோனுக்குக் காவற்சுற்றம் இருப்பதே இயல்பு என்ற எண்ணம் முன்னதில் எஞ்சி நிற்க, பின்னதில் தோழி மறைந்து மனைவி ஒருத்தியே மிஞ்சுகிறாள். பொதுவாக 9-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் அம்மனைவியும் இல்லை. அங்குத் தொடாக் காஞ்சி என்பது, போருக்கு அஞ்சாத வீரனின் புண்ணைத் தொட அஞ்சிப் பேய்மகள் தானே நடுங்கி விலகுவது. யாரும் அவளைக் கடியவில்லை. வீரனின் பெருமையே கடிந்துவிடுகிறது. அதற்கு முன் வைக்கப்பட்டுள்ள தொட்ட காஞ்சியில்தான் வீட்டில் புண் காக்கப்படுவது பேசப்படுகிறது. அங்கோ அக்காவலையும் மீறிப் பேய்மகள் தொட்டுவிடுகிறாள். காவல் கூறப்படும் இடத்தில் அது தோற்கிறது. வெல்லும் இடத்தில் காத்தவர் இல்லை. இத்திரிபு அழுத்திச் சொல்லத்தக்கது. மனைவி மீண்டும் முன்னே வருவது ஆஞ்சிக் காஞ்சியில், கணவனோடு தீயில் மூழ்குபவளாக.

இம்மூன்று நிலைகளையும் காலவரிசையாகக் கொள்வதில் ஒரு தடை உண்டு. புறத்திணையியலின் காலம் குறித்து அறிஞரிடையே உடன்பாடு இல்லை. அது 281-க்கு முற்பட்டதாயின், தோழி பின்னர்ச் சேர்க்கப்பட்டவள் என்றும் வாதிடலாம். ஆனால் வெண்பாமாலை இவ்விரண்டுக்கும் பிற்பட்டது என்பதில் கருத்து வேறுபாடில்லாமையால், காக்கும் கையிலிருந்து காக்கப்படுவோனின் புகழுக்குத் துறையின் மையம் நகர்ந்தது என்ற முடிவு அத்தடையால் பாதிக்கப்படாது. பெண்ணின் செயலை நீக்கிவிட்டு அவளைத் தியாகத்தின் வடிவமாக மட்டும் காணும் பார்வை வெண்பாமாலையின் பார்வை. ஹார்ட் பழம்பாட்டுகளின் மேல் ஏற்றிக் கண்டது அப்பிற்காலப் பார்வைக்கே நெருக்கமானது.

281-இல் ஒரு தொடர் இன்னும் பிடிபடவில்லை. புறநானூற்றின் பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிடுவதால், மையிழுது எங்கே பூசப்பட்டது என்பதற்கு உரைத்துணை இல்லை. கதவிலோ நிலையிலோ இட்ட காப்புப் பொட்டாக அது இருக்கலாம். காப்பவளின் கண்ணில் தீட்டியதாகவும் இருக்கலாம். எனினும் பாட்டு அவ்வினைக்கு மட்டும் கையை மெல்ல நகர்த்தி என்ற அடையைத் தந்திருக்கிறது. கதவுக்கு மை பூச அத்தனை மென்மை தேவையில்லை. வலிக்கும் உடலின்மேல் நகரும் கைக்கே அது பொருந்தும்.