இளவயதில் பக்கவாதம்: காதடி எலும்பும் காரணமாகலாம்

இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ இல்லாத இளவயதினருக்கும் பக்கவாதம் வருவதுண்டு. அரிதாக, உடற்கூறே அதற்குக் காரணமாகிறது.

காதுக்குக் கீழே, மண்டையோட்டின் அடியிலிருந்து ஊசிபோல் இறங்கும் ஸ்டைலாய்டு எலும்பு வழக்கமாகச் சுமார் 2.5 செ.மீ. நீளமுடையது. அது மிகுதியாக நீண்டு தரும் உபாதையை அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் 1937-இல் விவரித்தார். பெரும்பாலோருக்கு இதனால் தொல்லையில்லை. சிலருக்கு மட்டும், தலையைத் திருப்பும்போது கரோடிட் தமனியை அழுத்தி, அதன் உட்சுவரைக் கிழிக்கிறது. அங்கு உறையும் இரத்தக்கட்டி மூளையை அடைகிறது.

ஒருபக்கக் கழுத்துவலியே முதல் அறிகுறியாகலாம். சுளுக்கு எனக் கருதிக் கழுத்தைத் திருகுவது ஆபத்தானது. சி.டி. ஆஞ்சியோகிராம் எலும்பையும் கிழிசலையும் ஒருசேரக் காட்டும்.

வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ, கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்துக்குப் பொதுவாக 4.5 மணி நேரமே அவகாசம். ஆந்திர எல்லையிலுள்ள குடிபாலா போன்ற ஊர்களிலிருந்து சித்தூருக்கோ வேலூருக்கோ செல்லும் பயண நேரமும் அதற்குள் அடங்கும்.