ரேவதண்டாக் கரையில் ஒரு பகல்

மும்பையில் வாழும் நம்மவர்க்குக் கடற்கரை என்றவுடன் சௌபாத்தியும் ஜூஹுவுமே நினைவுக்கு வரும். அங்கே மணலைக் காணுமுன் மனிதத் தலைகளைக் காண வேண்டும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றுடன் குடும்பமாகப் புறப்பட்டு, கேட்வேத் துறையில் லாஞ்சு ஏறி மாண்டுவாவில் இறங்கினோம். அங்கிருந்து அலிபாக், அலிபாகிலிருந்து தெற்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சென்றால் ரேவதண்டா.

கருமை கலந்த மணல், சவுக்கு மரங்கள், கடலை நோக்கிச் சிதைந்து நிற்கும் கோட்டை மதில். ஆள் நடமாட்டம் இல்லை. இவ்விடம் என்றுமே இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் பிழை.

இதனை அடுத்துள்ள சௌல், மேலைக் கடலின் பழம்பெருந் துறைமுகம். நம் முசிறியையும் கொற்கையையும் கூறும் பெரிபுளூஸ் என்னும் கிரேக்க நூல் இதனையும் கூறுகிறது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அபனாசி நிகிதின் என்ற ருஷ்ய வணிகர், விற்பதற்கென ஒரே ஒரு குதிரையுடன் இங்கு வந்திறங்கினார். அக்குதிரையால் அவர் பட்ட பாடு தனிக் கதை!

நாம் மதிலின் நிழலில் அமர்ந்து புளியோதரை உண்ட இடத்திற்குச் சற்றுத் தெற்கே குண்டலிகை ஆறு கடலோடு கலக்கிறது. 1508 மார்ச்சில் எகிப்தியக் கடற்படையும், தியூவை ஆண்ட மாலிக் அயாசின் கப்பல்களும் அங்கே போர்த்துக்கீசியரை வளைத்துக்கொண்டன. போர்த்துக்கீசிய அரசப் பிரதிநிதியின் மகன் லொரென்சோ தெ அல்மெய்தா தப்ப முயன்றபோது, மீனவர் வலை கட்ட ஆற்றில் நட்டிருந்த கழிகளில் அவன் கப்பல் சிக்கிக்கொண்டது. கால் முறிந்த பின்னும் பாய்மரத்தடியில் அமர்ந்து போரை நடத்தினான் என்பர். அடுத்த குண்டு அவன் உயிரைக் குடித்தது. பீரங்கிகளோடு எளிய மீனவரின் கழிகளும் அன்றைய முடிவில் பங்கு கொண்டன!

மறு ஆண்டே தந்தை தியூவில் பழி தீர்த்தார். 1521இல் அகமத்நகர் நிஜாம் ஷாவின் இசைவு பெற்று அவர்கள் இங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். 1570இல் தொடங்கிய பெருமுற்றுகையையும் அது தாங்கியது. 1740இல் மராட்டியர் வசமாயிற்று. அதற்கு முன்பே வாணிபம் சூரத்துக்கும் மும்பைக்கும் நகரத் தொடங்கியிருந்தது. எந்நகரின் நெரிசலுக்கு அஞ்சி நாம் ஓடி வந்தோமோ, அந்நகரே இக்கரையின் கூட்டத்தைக் கவர்ந்து சென்றதில் பங்குடையது.

ஆயினும் எல்லாம் போய்விடவில்லை. ஆற்றின் எதிர்க்கரையில் கொர்லை என்னும் சிற்றூர் உள்ளது. போர்த்துக்கீசியர் அகன்று 280 ஆண்டுகளுக்கு மேலாகியும், அவர்கள் மொழியிலிருந்து பிறந்த ஒரு கலப்பு மொழியை அங்குள்ள சிறு கிறிஸ்தவச் சமூகத்தார் இன்றும் வீட்டில் பேசுகின்றனர். அதற்குத் தனி எழுத்தில்லை, பள்ளியும் இல்லை. தாய்மார் பிள்ளைகளிடம் பேசிப் பேசியே அது பிழைத்திருக்கிறது.

மாலை லாஞ்சில் திரும்புகையில் இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். நம் குழந்தைகள் மேல்தட்டில் நின்று, கடற்பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தனர், மராத்தியில்.